வரலாற்றில் பெண்கள் மிக அழகாக உடுத்திய காலம் எது?

என்னைக் கேட்டால் 1930களின் பாரிஸ்தான். காரணம், மதலேன் வியோனே என்ற தையல் மேதை. துணியை, அதன் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு நேராக வெட்டுவதுதான் பொது வழக்கம். அவரோ 45 பாகை சாய்த்து வெட்டி, முழு கவுனையே அப்படித் தைத்தார். ஒரு பருத்திக் கைக்குட்டையை மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், நன்றாக நீளும். அந்த இழுவைதான் சங்கதி. பட்டுக் கிரேப் என்ற மெல்லிய துணி உடம்போடு வழிந்து இறங்கும், உள்ளே இடுப்பை இறுக்கும் கார்செட் தேவையில்லை. பல கவுன்களைத் தலைவழியே மாட்டிக்கொண்டால் போதும். சின்ன மரப் பொம்மைமேல் துணியைப் போர்த்தித்தான் அவர் வடிவமைப்பார். என்ன பொறுமை!

1939இல் கடையை மூடினார். அப்புறம் 1947இல் டியோர் என்ற வடிவமைப்பாளர் வந்து இடுப்பை மறுபடி இறுக்கினார். அவருடைய அகலப் பாவாடைகளும் அழகுதான், ஆனால் என் ஓட்டு வியோனேவுக்கே.