‘டாங்கே’ என்றால் நன்றி மட்டும்தானா?

கேள்வி: வியன்னாவுக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது. பக்கத்து வீட்டு ஆஸ்திரியப் பெண்மணி வந்தபோது காபி வேண்டுமா என்று கேட்டேன். ஜெர்மன் மொழியில் “டாங்கே” என்றார். நன்றி சொல்கிறாரே என்று போட்டுக் கொண்டுபோய் நீட்டினால் திருதிருவென்று முழித்தார்! இந்தச் சனிக்கிழமை கணவரின் மேலதிகாரி மனைவியோடு சாப்பிட வருகிறார். ‘ஹல்ப் அக்ட்’டுக்கு வருவார்களாம், எட்டரைக்குள் சமையல் முடிந்துவிடும். வேறு எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, வியன்னா

பதில்: முதலில் சமையலை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். ‘ஹல்ப் அக்ட்’ என்றால் எட்டரை இல்லை, எட்டாவது மணியில் பாதி, அதாவது ஏழரை. (சனிக்கிழமை ஏழரை. சிரிக்காதீர்கள், அவர்கள் நேரம் தவறமாட்டார்கள்.)

காபி விஷயத்துக்கு வருவோம். ஒன்றைக் கொடுக்கட்டுமா என்று கேட்கும்போது வெறுமனே ‘டாங்கே’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றுதான் பொருள், வேண்டுமென்றால் ‘யா, பிட்டே’ என்பார்கள். நம் வீடுகளில் முதல் தடவை வேண்டாம் என்பது ஒரு மரியாதை, மூன்றாவது தடவை இலையில் விழுந்தே தீரும். அங்கே ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான், அதனால் சாம்பார்க் கரண்டியோடு பக்கத்தில் நிற்காமல் நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வாசலில் அவர்கள் ஊர் வணக்கமான ‘க்ரூஸ் கோட்’ சொல்லிக் கைகுலுக்கினால் போதும். அலுவலகத்தில் உங்கள் கணவரும் மேலதிகாரியும் ‘டு’ போட்டுப் பேசிக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் ‘ஸீ’ என்றே ஆரம்பியுங்கள். ‘ஸீ’ நம் ‘நீங்கள்’, ‘டு’ நம் ‘நீ’. ‘நீ’ என்றே கூப்பிடலாம் என்று வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். டாக்டர் பட்டம் இருந்தால் ‘ஹெர் டாக்டர்’ என்றே கூப்பிடுங்கள், பட்டத்துக்கு அங்கே இன்னும் மவுசு அதிகம். கிளாஸை முட்டும்போது, அதில் வெறும் ஜூஸ் இருந்தாலும், கண்ணைப் பார்க்க வேண்டும்.

தப்பித்தவறியும் ‘நீங்கள் ஜெர்மன்காரர்கள்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மொழி ஒன்றுதான், ஆனால் உருளைக்கிழங்குக்கு ஜெர்மனியில் சொல்லும் ‘கார்டோஃபெல்’ ஆஸ்திரியாவில் ‘எர்டெப்ஃபெல்’. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது இப்படி 23 உணவுச் சொற்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர்கள்! உருளைக்கிழங்கு வறுவலை அந்தப் பெயரிலேயே பரிமாறுங்கள், முகம் மலரும்.

அப்புறம், கிளம்பும்போது அடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்டு ‘ஷௌ மா மால்’ என்று பதில் வந்தால், அது நம் ‘பார்க்கலாம்’தான். தேதி கேட்டு நெருக்காதீர்கள்.