வடிகால் மென்பொருளும் கேட் வரைபடமும்: சந்தா செலுத்துமுன்

கேள்வி: கோவையில் சிறிய கட்டுமான ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். மனைப்பிரிவுகளுக்கான மழைநீர் வடிகால் கணக்கீட்டுக்கு ஒரு மென்பொருள் வாங்க இருக்கிறேன். கேட் (CAD) எனும் கணினி வரைபடங்களை, மென்பொருள்களுக்கிடையே வரைபடம் பரிமாறப் பயன்படும் டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பாக இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்யலாம் என்கிறார் விற்பனையாளர். அதை நம்பி ஆண்டுச் சந்தா செலுத்தலாமா? இலவச மென்பொருளே போதுமா?

பதில்: அந்த ஒரு வாக்கை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வரைபடத்தைத் திரையில் பின்னணியாகக் காட்டுவதையும் இறக்குமதி என்பார்கள். கோடுகளைக் குழாய்களாகவும் பிளாக்குகளை (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைகுறிகளை) மேன்ஹோல்களாகவும் மாற்றிக் கணக்கீட்டுக்குரிய வலையமைப்பை உருவாக்குவதையும் இறக்குமதி என்பார்கள். முதல் வகை மட்டுமே இருந்தால், குழாய்கள் அனைத்தையும் அதன்மேல் நீங்களே மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சாதாரண பாலிலைன் (பல துண்டுகள் இணைந்த ஒரே கோடு) முழுவதற்கும் ஒரே மட்டம்தான் பதிவாகும். புள்ளிக்குப் புள்ளி மட்டம் வர வேண்டுமானால் முப்பரிமாண பாலிலைன் தேவை. மேன்ஹோல் அருகே எழுத்தாக மட்டும் குறித்த இன்வர்ட் லெவல் (குழாயின் உள் அடிமட்டம்) பெரும்பாலும் எழுத்தாகவே நின்றுவிடும். அலகு பிழைத்தால் விளைவு இன்னும் மோசம்: மில்லிமீட்டரில் வரைந்ததை மென்பொருள் மீட்டராக எடுத்துக்கொண்டால், மட்டங்கள் மட்டும் மீட்டரிலேயே இருக்கும்போது, 30 மீட்டர் குழாய் 30,000 மீட்டராகி, 200-க்கு 1 என்றிருந்த சரிவு 2,00,000-க்கு 1 ஆகிவிடும். யூடிஎம் (UTM) எனும் வரைபட ஆயத்தொலைவு முறையில் கோவை 43-ஆம் மண்டலத்திலும் சென்னை 44-ஆம் மண்டலத்திலும் இருப்பதால், சென்னைப் பணிக்கு அமைத்த கோப்பை அப்படியே உங்கள் ஊருக்குப் பயன்படுத்தினால் அளவைப் புள்ளிகள் பொருந்தா.

ஏற்றுமதியில் கோடுகளும் எழுத்துகளும்தான் வெளியே வரும். நீரோட்டக் கணக்கும் நீர்ப்பிடிப்புப் பரப்பின் விவரங்களும் வாரா. எனவே மென்பொருளின் மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்து வையுங்கள்.

இலவச வழி என்றால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம். (SWMM) எனும் மழைநீர் வடிகால் கணக்கீட்டு மென்பொருள் இருக்கிறது. 1971 முதல் வளர்ந்துவரும் அந்த மென்பொருள் தன் வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் ஆக ஏற்றுமதி செய்யும். ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பிலிருந்து வலையமைப்பை இறக்குமதி செய்யாது, படத்தைப் பின்னணியாக மட்டுமே ஏற்கும். இருந்தாலும் அதன் உள்ளீட்டுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், கியூஜிஐஎஸ் (QGIS) எனும் இலவச நிலவரைபட மென்பொருளில் வரைபடத்தைத் திறந்து, அதற்கென உள்ள இலவசச் செருகுநிரல் (கூடுதலாக இணைக்கும் சிறு நிரல்) மூலம் அக்கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சில பணிகளே வருமென்றால், நேரம் கூடுதலாகச் செலவானாலும் இதையே பரிந்துரைப்பேன்.

சந்தாதான் என்று முடிவெடுத்தால், விற்பனையாளரின் மாதிரிக் கோப்பை ஏற்காமல், நீங்கள் முடித்த பணிகளில் மிகவும் ஒழுங்கற்ற வரைபடத்தைக் கொடுத்து உங்கள் கண்முன்னே இறக்குமதி செய்யச் சொல்லுங்கள். குழாய்களின் எண்ணிக்கை, மொத்த நீளம், சில மேன்ஹோல்களின் மட்டம் ஆகியவற்றைச் சரிபார்த்தபின், மீண்டும் ஏற்றுமதி செய்து மூல வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அவர் தரும் உறுதியை விலைப்பட்டியலிலோ கொள்முதல் ஆணையிலோ எழுதி வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்கான சுயதொழிலுக்கென மட்டும் வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. ஊழியர்களை வைத்து அலுவலகம் நடத்தினால் நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு இதை எழுப்பக்கூடும். அப்போது ஒப்பந்த மீறல் என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்ல உங்கள் கையிலிருக்கும் சான்று அந்த எழுத்துதான்.