அப்பாவின் கசெற்றும் மகனின் ராப்பும்

அன்புள்ள அண்ணை,

நான் பரந்தனில் இருக்கிறேன், வயது 46. தொண்ணூறுகளில் றேடியோவில் 'பேட்டை ராப்' கேட்டு மயங்கினவன். யுத்தம் முடிந்தபிறகு மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பியைக் கண்டுபிடித்து, ஒரு சொல் விடாமல் பாடமாக்கினேன். இப்போது என் மகன் கேட்கிற ராப்பில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். பின்னால் பூச்சி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவனும் போனில் பாட்டுக் கட்டுகிறான். "உங்கட ஹிப்ஹொப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி மாதிரி, அப்பா" என்கிறான். அந்தக் காலத்தில் பாட்டில் விஷயம் இருந்தது, இப்போது வெறும் சத்தம்தானே?

வாசகர், பரந்தன்

அன்புள்ள தம்பி,

விஷயம் இருந்ததா என்பதை முதலில் பார்ப்போம். 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் கூல் ஹேர்க் என்பவர் பாட்டுப் போட்டார். ஹிப்ஹொப் அங்கேதான் பிறந்தது என்பார்கள். ஜமேக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, அப்போது வயது 18. பள்ளிக்கூடம் தொடங்கமுதல் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்கவேண்டும் என்று அவருடைய தங்கை வைத்த கொண்டாட்டம் அது. பாட்டு அடங்கி மேளம் மட்டும் அடிக்கிற சில வினாடிகளுக்குத்தான் சனம் எழும்பி ஆடுகிறது என்று ஹேர்க் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, அந்த வினாடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டினார். மைக்கில் சொன்னதெல்லாம் கூட்டாளிகளின் பெயரும் ஆட்டத்துக்கு உசுப்பேற்றுகிற சொல்லும்தான். அந்தத் தெருக்களின் வறுமையை முகத்துக்கு நேரே சொன்ன 'த மெசேஜ்' என்ற ராப் பாட்டு 1982இல்தான் வந்தது. அதுவரை ஒன்பது வருஷம் பெரும்பாலும் ஆட்டமும் கொண்டாட்டமும்தான். ஆகவே உங்கள் மகனின் கூட்டாளிகள் வெறும் சத்தத்துக்கு ஆடினால், ஹிப்ஹொப் தொடங்கின இடத்திலேயே நிற்கிறார்கள்.

சொல் விளங்காததற்கும் காரணம் இருக்கிறது. அன்றைக்குப் பாடினவர் ஒரு கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலால் பாடவேண்டியிருந்தது. மைக் இல்லாத காலத்தில் காத்தவராயன் கூத்து ஆடினவர்கள் கடைசிப் பாய்க்கும் கேட்கத் தொண்டை திறந்து பாடினார்களே, அதேபோல. இன்றைக்குப் பாட்டு இயர்போன் வழியாக நேரே காதுத்துளைக்குள் இறங்குகிறது. பக்கத்தில் படுத்திருப்பவரோடு கதைக்கிற குரல் போதும்.

நீங்கள் அதை மகனின் போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் 808 என்று ஒரு மேளப்பெட்டி விட்டது. பிறகு அமெரிக்காவின் தென்பகுதிப் பொடியள், முக்கியமாக அட்லாண்டாவில், அதன் அடிச்சத்தத்தை நெஞ்சு அதிர நீட்டித் தங்கள் பாட்டுக்கு அத்திவாரமாக்கினார்கள். அந்த அதிர்வு போனின் சின்ன ஸ்பீக்கரில் வராது. மேலே ஓடுகிற 'ஹை-ஹற்' என்ற உலோகத் தட்டின் தாளம் மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் சொன்ன பூச்சி அதுதான். ஒருநாள் அவனுடைய இயர்போனை வாங்கிக் கேளுங்கள்.

எனக்கு வலிப்பது வேறு. ஹிப்ஹொப் என்பது, பிள்ளைகள் தாய்தகப்பனின் இசைத்தட்டுகளைக் கிண்டி உண்டாக்கின இசை. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அனுமதியில்லாமல் பிறர் பாட்டை வெட்டி ஒட்டுவது களவு என்று தீர்ப்புச் சொன்னபிறகு அதற்குக் கனக்கக் காசு தேவைப்பட்டது, வழக்கமும் குறைந்தது. தமிழிலும் அப்படிக் கிண்டித்தான் எடுத்தார்கள். நீங்கள் பாடமாக்கின யோகி பியின் 2006 'வல்லவன்' தொகுப்பில் 'மடை திறந்து' இருக்கிறதல்லவா? அது 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்டு எஸ்.பி.பி. பாடின பாட்டு.

எங்கள் பிள்ளைகள் எதைக் கிண்டுவார்கள்? பொருளாதாரத் தடைக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் கசெற் பாடும். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாடகரின் குரல் இழுபட்டுத் தடித்துப்போகும். "சுத்தடா!" என்று எல்லாரும் கத்துவோம். அந்தக் கசெற்றுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் அடைத்துக்கொண்டுதான் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டோம். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வரைக்கும் தகரம் கூடவே வந்தது. பிறகு ஒரு பங்கர் ஓரத்தில் தாட்டுவிட்டு நடந்தோம். திரும்பிவந்து தேடினபோது அந்த இடத்தையே மட்டுக்கட்ட முடியவில்லை. உங்களுடையதும் எங்கேயோ அப்படித்தான் கிடக்கும்.

அண்மையில் முரசுமோட்டையில் ஒரு பொடியன் தன்னுடைய பாட்டை எனக்குப் போட்டுக்காட்டினான். அவனுடைய அப்பம்மா வயலில் குருவி கலைக்கப் பாடினதில் ஒரு அடி. பல்லில்லாத வாயால் பாடி, இருமிவிட்டு, "காணுமே அப்பன்?" என்று கேட்கிறார். பொடியன் இருமலை வெட்டவில்லை. அந்தக் "காணுமே"யை நாலு தரம் மடக்கி மேளத்துக்கு மேலே போட்டிருந்தான். ஹேர்க் மேளத்தை மடக்கின மாதிரியே.

உங்கள் அம்மா இருக்கிறாவா, தம்பி? இருந்தால், இந்தக் கிழமையே மகனைப் போனோடு அவவிடம் அனுப்புங்கள்.