‘கம்யூனிகேஷன் போதாது’ என்று மேலாளர் சொன்னால்…

கேள்வி: 5 ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அடுத்த ஆண்டு டீம் லீடர் பொறுப்புக்கு என் பெயரும் பரிசீலனையில் இருக்கிறது. “வேலையில் குறையே இல்லை. கம்யூனிகேஷனும் பிரச்சினைகளைத் தீர்க்கும் திறனும்தான் இன்னும் வளரணும்” என்கிறார் மேலாளர். எங்கிருந்து தொடங்குவது? பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் போதுமா?

பதில்: வகுப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் மேலாளரிடமே திரும்பப் போங்கள். ‘கம்யூனிகேஷன் வளரணும்’ என்பது ‘உடம்பு சரியில்லை’ என்பதைப் போன்ற பேச்சு. அதை வைத்து மருந்து எழுத முடியாது. தகவலைத் தாமதமாகச் சொல்கிறீர்களா, நீட்டி முழக்குகிறீர்களா, கூட்டத்தில் வாய் திறப்பதில்லையா, மறுத்துப் பேசத் தயங்குகிறீர்களா? நான்கும் வேறு வேறு குறைகள். “கடந்த 3 மாதத்தில் நான் வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டிய இடம் ஒன்றைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பிட்ட சம்பவம் ஒன்று கைக்குக் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

மேலாளர் இரண்டு திறன்களாகச் சொல்கிறார். நடைமுறையில் இரண்டும் ஓரிடத்தில் சேர்கின்றன: பிரச்சினையை எழுத்தில் சொல்லும் இடத்தில். அங்கே தேறிவிட்டால் மற்றதில் பாதி தானாக வரும்.

“ஆள் பற்றாக்குறையால் வாராந்திர ரிப்போர்ட் தாமதமாகிறது.” பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுவார்கள். இதில் காரணம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஆளைக் கூட்ட வேண்டும் என்ற தீர்வும் உள்ளே ஒளிந்திருக்கிறது. படிப்பவர் அதை ஏற்பார் அல்லது மறுப்பார். சேர்ந்து யோசிக்க அவருக்கு இடமில்லை. இதையே மாற்றி எழுதுங்கள்: “கடந்த 4 வாரங்களில் 3 முறை, திங்கள் காலை 10 மணிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட் மாலை 3 மணிக்குப் போனது. அதனால் விற்பனைப் பிரிவின் மதியக் கூட்டம் பழைய எண்களை வைத்து நடந்தது.” என்ன நடந்தது, எப்போது, எத்தனை முறை, யாருக்கு என்ன பாதிப்பு என்பவை மட்டும் இதில் இருக்கின்றன. காரணம், தீர்வு, ஆள் பெயர் மூன்றும் இல்லை. இந்த இரண்டு வரியை எழுத முடியாவிட்டால் உங்களுக்கு இன்னும் பிரச்சினை பிடிபடவில்லை என்று பொருள். தகவல் திரட்டப் போங்கள்.

அடுத்தது காரணம் தேடுவது. ‘ஐந்து ஏன்’ முறையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணம் இன்றும் நல்ல பாடம். இயந்திரம் நின்றது. ஏன்? சுமை கூடி ஃப்யூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே போயின. முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் ஃப்யூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள், சில நாளில் மறுபடி போயிருக்கும்.

இந்த முறை கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, ‘கவனக்குறைவு’ என்று ஒரு ஆளிடம் போய் நிற்பது. அந்த இடத்தில் வேறொருவர் இருந்தாலும் இதே தவறு நடந்திருக்குமா என்று கேளுங்கள். ஆம் என்றால் கோளாறு வேலைமுறையில் இருக்கிறது. இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐந்து பதிலையும் ஊகித்துவிடுவது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சான்று வேண்டும்: பதிவேடு, புகைப்படம், நேரில் பார்த்தது, ஏதாவது ஒன்று. மூன்று, ஒரே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. ஒரு ‘ஏன்’ கேள்விக்கு இரண்டு உண்மையான பதில்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கீழே கொண்டு போக வேண்டும். ஐந்து என்பதும் கட்டாயமில்லை. மூன்றிலும் முடியலாம், ஏழுக்கும் போகலாம். முடித்தபின் கடைசிப் பதிலிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ‘அதனால்’ சேர்த்து வாசியுங்கள். எங்கே இடறுகிறதோ அந்தக் கண்ணி பலவீனமானது.

மேலிடத்துக்குப் போகும்போது பிரச்சினையோடு குறைந்தது இரண்டு வழிகளும், ‘எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்’ என்பதும், உங்கள் பரிந்துரையும் கையில் இருக்கட்டும். இதை ஒரு மெயிலில் பார்ப்போம்.

“போன வாரம் சப்ளையரிடம் பேசினோம். பாகங்கள் வரத் தாமதமாகும் என்கிறார்கள். வேறு இடங்களிலும் விசாரித்தோம். ஒருவரிடம் இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.”

நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறார். என்ன முடிவு வேண்டும் என்பதைப் படிப்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“சப்ளையரை மாற்ற, புதன் மாலை 4 மணிக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும். இப்போதையவரின் பாகங்கள் 12 நாள் தாமதமாக வரும். இன்னொருவரிடம் கையிருப்பு இருக்கிறது, விலை 6 சதவீதம் கூடுதல். மாற்றினால் சொன்ன தேதியில் டெலிவரி கொடுக்கலாம். மாற்றாவிட்டால் வாடிக்கையாளரிடம் இப்போதே அவகாசம் கேட்க வேண்டும். மாற்றலாம் என்பது என் பரிந்துரை.”

நீளம் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. ஆனால் பதில் ஒரே வார்த்தையில் வரும்.

வாய்ப்பேச்சில் வேறொரு சிக்கல் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஒரு சோதனை செய்தார். பிரபலமான பாட்டு ஒன்றை மனதில் வைத்து ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, எதிராளிக்குக் கேட்பது வெறும் டக் டக். வேலையை நன்றாகத் தெரிந்தவர்களே இதில் அதிகம் மாட்டுவார்கள். உங்கள் மேலாளர் ‘வேலையில் குறையில்லை’ என்று சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து, ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை விட்டுவிடுவது. அதற்கு ‘இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “இதில் முதலில் எதை எடுக்கப் போகிறீர்கள்? எங்கே சிக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் நீங்கள் விட்டுப்போனது வெளியே வந்துவிடும்.

தயக்கம்தான் உங்கள் குறை என்றால், விமானத்துறை கொடுத்த விலையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டை நெருங்கிய ஒரு யுனைடெட் விமானத்தில் தரையிறங்கும் சக்கரத்தில் கோளாறு. தலைமை விமானி அதிலேயே மூழ்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். பேச்சுவாக்கில் சொல்லவும் செய்தார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு விமானிகளுக்கு ஒரு பேச்சு வரிசையே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள்: அழைத்துக் கவனத்தைத் திருப்பு, கவலையைச் சொல், பிரச்சினையை எண்ணோடு சொல், வழி ஒன்றை முன்வை, ஒப்புதல் கேள்.

அலுவலகத்தில் இது இப்படி ஒலிக்கும்: “சார், ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் பற்றி எனக்குக் கவலையா இருக்கு. பேமென்ட் பகுதியில் இன்னும் 9 டெஸ்ட் முடியல. அதை மட்டும் திங்களுக்குத் தள்ளிட்டு மற்றதை வெள்ளியே விடலாம். சரியா வருமா?” இதற்குப் பதிலாக நம்மில் பலர் சொல்வது, “கொஞ்சம் டைட்டாதான் இருக்கு சார்.” அதைக் கேட்டு யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள். கடைசிக் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். அதுதான் எதிராளியைப் பதில் சொல்ல வைக்கும்.

சக ஊழியரின் குறையைச் சொல்லும்போதும் சூழல், செயல், விளைவு என்ற வரிசை போதும். ‘பொறுப்பே இல்லை’ என்றால் சண்டை. “நேற்று ரிவ்யூவில் ஃபைல் தயாராக இல்லை, நான்கு பேர் 20 நிமிடம் காத்திருந்தோம்” என்றால் பேச்சு தொடரும்.

இப்போது வகுப்பு. மேடை நடுக்கம் இருந்தால் பேச்சுப் பயிற்சி மன்றங்கள் உதவும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்றவற்றில் 5 முதல் 7 நிமிடம் தயாரித்துப் பேச வேண்டும். நீங்கள் எத்தனை முறை ‘ஆ… வந்து…’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணவே ஒருவர் இருப்பார். அந்த நடுக்கம் இல்லாதவர்கள் அந்த நேரத்தை வேலையிடத்தில் செலவிடலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் பார்த்தால் எதுவும் ஒட்டாது. முதல் 2 வாரம் மெயில்கள் மட்டும். தினம் ஒரு மெயிலை அனுப்பும் முன் முதல் வரியை மாற்றி எழுதுங்கள். அடுத்த 3 வாரம், வாரத்துக்கு ஒரு பிரச்சினையை ஒரு பக்கத்துக்குள் எழுதி, அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விகள்தான் உங்கள் மதிப்பெண். பிறகு ஒரு சிறிய கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். கூட்டம் முடிந்த 1 மணி நேரத்துக்குள் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று அனுப்பிவிடுங்கள்.

இதற்கிடையே ஒரு நோட்டில் நீங்கள் எடுத்த முடிவுகளைக் குறித்து வையுங்கள்: தேதி, அன்று தெரிந்திருந்த தகவல், எதிர்பார்த்தது, பின்னர் நடந்தது. முடிவு எடுத்த அன்றே எழுத வேண்டும். விளைவு தெரிந்தபின் எழுதினால் எல்லாம் முன்பே தெரிந்ததுபோல மனம் திருத்திவிடும். பொறுப்புக்கான நேர்காணலில் “சிக்கலான ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். அப்போது இந்த நோட்டிலிருந்து 3 சம்பவங்களை எடுத்துக்கொண்டு போங்கள். அதில் ஒன்றாவது நீங்கள் நினைத்தபடி நடக்காததாக இருக்கட்டும்.