ஒரே ஓட்டால் அமெரிக்க வரலாற்றைத் திருப்பிய மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் யாராவது உண்டா?

உண்டு. டென்னசி மாநிலத்தின் ஹாரி பர்ன். எனக்கு மிகவும் பிடித்த அரசியல்வாதிகளில் ஒருவர்.

1895-ல் நயோட்டா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா அந்த ஊர் ரயில் நிலைய அதிகாரி, 1916-ல் இறந்துவிட்டார். அதன்பின் பண்ணையையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவர் அம்மா ஃபெப். கல்லூரி வரை படித்தவர், நாட்டு நடப்பை விடாமல் கவனிப்பவர். அவருக்கு ஓட்டு இல்லை. அவர் பண்ணையில் வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களுக்கு இருந்தது.

ஹாரி 1918-ல் குடியரசுக் கட்சி சார்பில் ஜெயித்து, 23 வயதுகூட ஆகாமல் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். 1920 ஆகஸ்ட்டில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19-வது அரசியல் சட்டத் திருத்தம் அந்த அவைக்கு வந்தது. 36 மாநிலங்கள் ஏற்க வேண்டும், 35 ஏற்றாகிவிட்டது. நாடே டென்னசியின் தலைநகர் நாஷ்வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதரவாளர்கள் சட்டையில் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜா. ஹாரி குத்தியிருந்தது சிவப்பு.

ஆகஸ்ட் 18 அன்று, தீர்மானத்தைக் கிடப்பில் போடலாமா என்று இரண்டு முறை வாக்கெடுத்தார்கள். இரண்டு முறையும் 48-க்கு 48. இரண்டு முறையும் ஹாரி கிடப்பில் போடும் பக்கம்தான். அவர் தொகுதியில் எதிர்ப்பு பலமாக இருந்தது, நவம்பரில் மறுபடி தேர்தலைச் சந்திக்க வேண்டும். அப்புறம் நேரடியாகத் தீர்மானத்தின் மீதே வாக்கெடுப்பு. பெயர் கூப்பிட்டதும் ஹாரி "ஆம்" என்றார். தீர்மானம் நிறைவேறியது; டென்னசி 36-வது மாநிலமானது.

அவர் சட்டைப் பையில் அம்மாவின் கடிதம் இருந்தது. ஏழு பக்கம். வீட்டுச் சேதி, ஊர்ச் சேதிகளுக்கு நடுவே, வாக்குரிமைக்கு ஓட்டுப் போடு, அவர்களைச் சந்தேகத்தில் வைக்காதே, நல்ல பிள்ளையாக இரு என்று எழுதியிருந்தார் ஃபெப். மழையைப் பற்றிப் பேசுகிற அதே கையெழுத்தில் இதையும் எழுதியதுதான் என்னை உருக்குகிறது.

இதைத் 'தாய் சொல் தட்டாத பிள்ளை' கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. லஞ்சம் வாங்கினார் என்று பழி வந்தபோது, மறுநாளே அவைக் குறிப்பில் தன் விளக்கத்தைப் பதிவு செய்தார். அம்மாவின் அறிவுரையைக் கேட்பதே பிள்ளைக்கு என்றும் நல்லது என்று அதில் இருக்கிறதுதான். ஆனால் அதற்கு முன்பே, முழு வாக்குரிமை பெண்களின் உரிமை என நம்புகிறேன் என்கிறார். 1 கோடியே 70 லட்சம் பெண்களை அரசியல் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் வாய்ப்பு தனக்குக் கிடைத்ததையும் சொல்கிறார். 24 வயதுப் பையன்!

எதிர்ப்பாளர்கள் சும்மா விடவில்லை. லூசியானாவின் முன்னாள் ஆளுநரின் மனைவி நயோட்டாவுக்கே போய், கடிதத்தை மறுத்துச் சொல்லும்படி ஃபெப்பை வற்புறுத்தினார். ஃபெப் அசையவில்லை. ஆகஸ்ட் 26-ல் திருத்தம் அதிகாரபூர்வமாக அமலுக்கு வந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்: தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பினப் பெண்களுக்கு 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

அதற்குப் பிறகும் ஹாரி மாநில அரசியலைத் தாண்டவில்லை. வழக்கறிஞரானார், 1930-ல் ஆளுநர் பதவிக்கு முயன்று கட்சிக்குள்ளேயே தோற்றார், பின்னால் மாநில செனட்டில் இருந்தார், வங்கி நடத்தினார். 1977-ல் காலமானார்.

அவர் பயந்த அந்த 1920 நவம்பர் தேர்தலிலும் நின்றார், ஜெயித்தார். அந்தத் தேர்தலில் ஃபெப்புக்கும் ஓட்டு இருந்தது.