கன்சாய்–ஹிரோஷிமா பாஸை எந்த நாளில் தொடங்குவது?

ஜப்பானில் ஏழு நாள் பயணத்தில், ஒசாகாவில் இறங்கியதுமே, ஜேஆர் ரயில் நிறுவனத்தின் கன்சாய்–ஹிரோஷிமா ஐந்து நாள் ரயில் பாஸைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது தொடர்ச்சியான ஐந்து நாள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினாலும் அன்றே ஒரு நாள் கழிந்துவிடும். முதல் இரண்டு நாளும் ஒசாகா நகருக்குள்தான் சுற்றப்போகிறீர்கள். அங்கே மெட்ரோவே போதும், அதில் இந்தப் பாஸ் செல்லாது. மூன்றாம் நாள் தொடங்கினால், ஏழாம் நாள் விமான நிலையம் போகும் ஹருகா ரயிலும் பாஸிலேயே அடங்கிவிடும்.

பலரும் ஏமாறுகிற இடம் கியோட்டோ. கியோட்டோவுக்கும் ஒசாகாவின் ஷின்-ஒசாகா நிலையத்துக்கும் இடையே ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் இந்தப் பாஸில் வராது. சாதாரண விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான், அதில் போங்கள். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு நொசோமி என்ற வேகமான ஷின்கான்செனிலேயே ஏறலாம், சுமார் ஒன்றரை மணி நேரம். ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள மியாஜிமா தீவுக்கு இரண்டு நிறுவனங்களின் படகுகள் அருகருகே நிற்கும். ஜேஆர் படகுக்கு மட்டும்தான் பாஸ் செல்லும். தீவுக்கான 100 யென் வரி தனி.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்களே, அப்படியென்றால் ஹிரோஷிமா போகும் வழியிலுள்ள ஹிமேஜி கோட்டையை வெளியிலிருந்தே பார்க்கட்டும். உள்ளே படிகள் மிகவும் செங்குத்து, செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கீழே புல்வெளியில் உட்கார்ந்து பார்த்தாலே அந்த வெள்ளைக் கோட்டை அவ்வளவு அழகு.

அப்புறம், பெரிய பெட்டிகளை ஒசாகா விடுதியிலேயே விட்டுவிடுங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் ஷின்கான்செனில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.