பாணிக்கு வரிசை, விளக்குக்குத் தடை

வணக்கம் ஐயா,

ஊரடங்குக் காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் முழுப் பழியையும் அரசாங்கத்தின் தலையிலேயே போட்டிருக்கிறீர்கள். எங்கட சனம் மட்டும் ஒழுங்கோ? முகக்கவசத்தை நாடியில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போனதும், களவாகக் கலியாணம் வைத்ததும் நாங்கள்தானே. ஆமி இறுக்கிப் பிடித்தபடியால்தான் 2020 இல் யாழ்ப்பாணம் தப்பியது. நல்லதையும் எழுதுங்கோ.

க., கோப்பாய்

அன்புள்ள க.,

நாடி விஷயம் உண்மை. நாடிக்குத்தான் கொரோனா வரும் என்று நினைத்தார்கள் போல.

ஆமி விஷயம் அப்படியல்ல. 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து தொற்றோடு வந்த போதகர் யாழ்ப்பாணத்து அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டுப் போன பிறகு, அங்கே போனவர்கள் யார், அவர்கள் யாரோடு கதைத்தார்கள் என்று ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடியவர்கள் பீ.எச்.ஐ.மாரும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) விதானைமாரும் (கிராம அலுவலர்கள்). ஆனால் கொவிட் தடுப்புத் தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருந்தவர் இராணுவத் தளபதி. பீ.எச்.ஐ.மாரின் கையில் இருந்ததோ 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். சுகாதார விதிகளுக்குச் சட்டபலம் வர வர்த்தமானியில் (அரசிதழில்) போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, ஜூலையில் அவர்கள் கொரோனா வேலையிலிருந்தே விலகிநின்றார்கள். பொதுத் தேர்தலுக்கு அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

சனத்தின் கோபம் ஊரடங்கின்மேல் வந்ததல்ல. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே போ என்றால் அப்படியே போனார்கள். டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் தொற்று வந்து பூட்டியபோது, தோட்டக்காரர் பிடுங்கிய பீற்றூட்டை உரப்பையில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்து, படலை படலையாகக் கூவி விற்றார்கள். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, வாடிய மிச்சத்தை மாட்டுக்குப் போட்டார்கள். முணுமுணுத்தார்கள்தான்.

அதே டிசம்பரில் கேகாலையில், கொரோனாவுக்கு மருந்து என்று தம்மிக்க பண்டார என்ற நாட்டு வைத்தியர் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று. அதற்கு முன்பே நவம்பரில் இங்கே, போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளில் விளக்கேற்றத் தடை கேட்டு நீதிமன்றம் போன பொலிஸார் காட்டிய காரணங்களில் கொரோனாவும் ஒன்று. பாணி வரிசைக்கு வராத கிருமி விளக்குக்கு மட்டும் வந்துவிடுமாம்.

ஜனாஸா (முஸ்லிம்களின் உடல் அடக்க) விஷயம் இதைவிடக் கொடுமை. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நிலத்தடி நீர் கெடும் என்று முஸ்லிம்களின் உடல்களை எரித்தார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் விடவில்லை. 2021 பெப்ரவரியில் ஒருவழியாக இறங்கிவந்து, அடக்கம் செய்யத் தெரிவுசெய்த இடம் எது? இரணைதீவு. தமிழ் மீனவச் சனம் போராடி 2018 இல்தான் கடற்படையிடமிருந்து மீட்டுத் திரும்பிய தீவு. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள இதைவிட வாய்ப்பான இடம் கிடைத்திராது. எதிர்ப்பு வந்ததும் மட்டக்களப்பிலுள்ள ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். எரித்ததற்கு மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது 2024 இல்.

நல்லதையும் எழுதச் சொல்கிறீர்கள். பீ.எச்.ஐ.மாரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அவர்கள் வாங்கியதும் அரசாங்கச் சம்பளம்தானே, அந்தளவில் அரசாங்கத்துக்கும் பங்கு கொடுத்துவிடலாம்.